வயலில் விளையும் பயறு தட்டுக்கும் வரட்டும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் மகளிர் குழு அக்காமாருக்கும் தங்கைமாருக்கும்,



எங்கள் குழுவின் போன மாதக் கூட்டம் முடிந்து கணக்கு நோட்டை மூடியபோது ஒன்றைக் கவனித்தேன். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் முழங்காலைப் பிடித்து, "யப்பாடி" என்று மூச்சு விட்டுத்தான் எழுந்தோம். எழுந்ததும் எல்லோரும் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டோம். நானும்தான்.

வாசலில் செருப்பு மாட்டும்போது பேச்சு அதைப் பற்றியே திரும்பியது. "பிள்ளை பெத்த வயிறு, இனிமே எங்க உள்ள போகப் போவுது" என்றார் ஒரு அக்கா. "கு.க. பண்ணினதுலேர்ந்துதான் இப்படி ஊதிப் போச்சு" என்றாள் இன்னொருத்தி. "நான் என்னத்தத் தின்னுடுறேன், ஒரு கை சோறு" என்றாள் மூன்றாமவள். இந்த மூன்று பேச்சையும் உங்கள் ஊரிலும் கேட்டிருப்பீர்கள். மூன்றையும் பற்றி மனம்விட்டுப் பேசத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் அந்த "ஒரு கை சோறு". எங்கள் குழுவில் மசாலாப் பொடி பாக்கெட் போட ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கினோம். ஒரு ராத்திரி அது என் வீட்டில் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தவள், காலித் தட்டை அதில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, தினமும் போட்டுக்கொள்கிற அளவு சோற்றைப் போட்டேன். 460 கிராம் காட்டியது. பிறகு சாம்பாரில் பருப்பு என்று கண்ணில் பட்டதை மட்டும் கரண்டியில் அரித்து வைத்தேன். 30 கிராம்கூட ஏறவில்லை. கத்தரிக்காய்ப் பொரியல் 40 கிராம். அளவாகச் சாப்பிடுகிறவள் என்றுதான் அதுவரை என்னை நினைத்திருந்தேன். தட்டில் இருந்தது ஒரு மலைச் சோறு, அதற்குத் துணையாக ஒரு சிட்டிகைப் பருப்பு.

100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி இருக்கிறது. என் ராத்திரித் தட்டில் சோறு மட்டும் 600 கலோரி. காலையில் நாலு இட்லி, மத்தியானம் இதே மாதிரி இன்னொரு தட்டு, நடுவில் சர்க்கரை போட்ட டீ நாலு தடவை. கூட்டிப் பார்த்தபோது வயிறு ஏன் இறங்கவில்லை என்ற கேள்விக்கு வேறு பதில் தேட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இதைச் சொல்லி உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வரவில்லை. அந்தத் தட்டு நாம் பேராசையால் குவித்தது இல்லை. நம் அம்மாக்களிடமிருந்து வந்தது.

என் அம்மா வெண்ணாற்றங்கரையில் நடவுக்குப் போனவர். விடியற்காலையில் நாற்றங்காலில் இறங்கி நாற்றுப் பறித்து, முடி கட்டி, வெயில் ஏறும்போது சேற்றில் குனிந்தால் பொழுது சாயும்வரை இடுப்பு நிமிராது. நடவு முடிந்தால் களையெடுப்பு. அது முடிந்தால் அறுப்பு. அறுத்த கட்டைத் தலையில் தூக்கி வரப்பில் நடந்து களத்தில் போட வேண்டும். அடிக்க வேண்டும், தூற்ற வேண்டும். வீட்டுக்கு வந்தால் நெல் அவித்துக் காயப்போட்டு உரலில் குத்த வேண்டும், அம்மியில் அரைக்க வேண்டும், ஆற்றிலிருந்து குடம் சுமக்க வேண்டும். காலையில் ஒரு குண்டான் பழைய சோறு, ராத்திரி சுடச்சுட ஒரு குவியல் சோறு சாப்பிட்ட அம்மாவின் வயிறு பலகை மாதிரி இருந்தது.

ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. 55 கிலோ எடையுள்ள பெண் கடுமையான உடல் உழைப்பு செய்தால் அவளுக்கு ஒரு நாளைக்கு 2,720 கலோரி தேவை. உட்கார்ந்த வேலை செய்தால் 1,660 போதும். இரண்டுக்கும் இடையில் 1,060 கலோரி. அரிசியாக எடுத்தால் கிட்டத்தட்ட 300 கிராம். சோறாக வடித்தால் 800 கிராமுக்குக் குறையாது. என் அம்மாவுக்கும் எனக்கும் உள்ள தூரம் தினமும் அவ்வளவு சோறு. அந்தச் சோற்றை அம்மா சேற்றில் கரைத்தார். நான் இடுப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இன்று வயலில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு நடவு இயந்திரம் வருகிறது. பல ஊரில் நடவே கிடையாது, நேரடி விதைப்பு. நடவு இருக்கும் ஊரில் மேற்கு வங்கத்திலிருந்து வருகிற ஆட்கள் நட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அறுவடைக்கு மெஷின் இறங்கினால் ஒரு ஏக்கர் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வீட்டில் கிரைண்டர், மிக்சி, வாசலிலேயே குழாய். இவை வந்ததற்கு நான் வருத்தப்படவில்லை. அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதில் இடுப்பு ஒடிந்துவிட்டது, ரத்தசோகை சாகும்வரை போகவில்லை. அந்தப் பாடு திரும்பி வர வேண்டாம். உழைப்பை மெஷினிடம் கொடுத்தது சரி. உழைப்புக்கு என்று போட்ட சோற்றை மட்டும் தட்டிலேயே விட்டுவிட்டோம். அதைத்தான் மாற்ற வேண்டும்.

இனி கு.க. விஷயம். கருத்தடை ஆபரேஷனில் கருக்குழாயைத்தான் அடைக்கிறார்கள். அதனால் உடம்பில் கொழுப்பு கூடுவதில்லை. ஆனால் இரண்டாவது குழந்தைக்குப் பிறகு, முப்பதை நெருங்கும்போது, ஓட்டமும் வேலையும் குறைகிற அதே காலத்தில் அந்த ஆபரேஷனும் நடப்பதால் பழி அதன்மேல் விழுகிறது. மாதவிடாய் நிற்கும் வயது வந்தால் இன்னொரு மாற்றம் சேரும். ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய, அதுவரை இடுப்பிலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு வயிற்றுப் பக்கம் நகர ஆரம்பிக்கும். எடை கூடாமலேயே ரவிக்கை, பாவாடை நாடா இறுக்குவதன் காரணம் இதுதான்.

வயிற்றில் சேரும் கொழுப்பு இரண்டு வகை. தோலுக்கு அடியில் இருப்பது, கிள்ளினால் கையில் வரும். இன்னொன்று உள்ளே, குடலையும் ஈரலையும் சுற்றி அடைந்திருப்பது. அது கையில் பிடிபடாது, ஆனால் ஆபத்து அதில்தான் அதிகம். அதிலிருந்து கசியும் கொழுப்பு ஈரலுக்குப் போகிறது. ஈரலில் கொழுப்பு படிகிறது, இன்சுலின் சுரந்தும் உடம்பு அதற்குக் கட்டுப்பட மறுக்கிறது, சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் அதன் வழியாகவே வருகின்றன. இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. சாப்பாட்டைக் குறைத்து நடக்க ஆரம்பித்தால் முதலில் கரைவது இந்த உள்கொழுப்புதான். கண்ணாடியில் மாற்றம் தெரிவதற்கு முன்பே உள்ளே வேலை தொடங்கிவிடும்.

நமக்கு இது மற்றவர்களைவிட ஒரு படி முன்னாலேயே வருகிறது. 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் புனேவைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் தங்கள் படத்தையே போட்டு ஒரு பக்கக் குறிப்பு எழுதினார்கள். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒரே அளவு, 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம் நாட்டு உடம்பின் வாகு இது. அதனால்தான் நமக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்று வைத்திருக்கிறார்கள். "நான் ஒல்லிதானே, வயிறு மட்டும்தானே" என்று சொல்லும் தங்கச்சிகள் இதை இன்னொரு தடவை படியுங்கள்.

சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுவதும் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு 2023-இல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். பெரியவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு மேல் வயிற்றுப் பருமன். தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் மட்டும் 14.4 சதவீதம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் நம் மாநிலத்துப் பெண்களில் பத்துக்கு நாலு பேர் அதிக எடையில் இருந்தார்கள். இந்த எண்களை எங்கள் குழுவுக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் சர்க்கரை மாத்திரை போடுகிறோம்.

அதே ஆய்வுக் குழு 2025-இல் இன்னொன்றையும் சொன்னது. நாடு முழுக்க ஒரு லட்சத்து இருபத்தோராயிரம் பேரிடம் எடுத்த கணக்கு. நமக்கு வரும் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்திலிருந்து வருவது 12 சதவீதம்தான். மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் போன்ற புரதத்தை வைத்தால் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு குறைகிறது. ஆனால் வெள்ளை அரிசிக்குப் பதிலாக முழுக்கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று பெயரை மட்டும் மாற்றி, அளவைக் குறைக்காமல் விட்டால் அந்தப் பலன் கிடைப்பதில்லை.

இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஏனென்றால் நம்மில் பலர் விழும் குழி இதுதான். "நான் சோற்றை விட்டுட்டேன், ராத்திரி சப்பாத்திதான்" என்று ஐந்து சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் சாப்பிடுகிறோம். கேழ்வரகுக் களி உருண்டையை மலை மாதிரி உருட்டுகிறோம். ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, அழியவிருந்த நாட்டு நெல் ரகங்களை வீடு வீடாகக் கொண்டு சேர்த்த நெல் ஜெயராமன் நம் மண்ணின் பெருமை. அவர் மீட்ட மாப்பிள்ளைச் சம்பாவையும் கருப்புக் கவுனியையும் நானும் வாங்கிச் சமைக்கிறேன். நார்ச்சத்து கூடுதல், பசி தாங்கும், மெல்ல வேண்டியிருப்பதால் நிதானமாக உள்ளே போகும். ஆனாலும் அது அரிசி. கவுனியில் அரைக்கிலோ சோறு சாப்பிட்டால் அதுவும் அரைக்கிலோ சோறுதான்.

அப்படியானால் குறைத்த சோற்றின் இடத்தில் என்ன வைப்பது? இதைப் பேசத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். பதிலை நாமே வயலில் விளைவிக்கிறோம்.

தை மாதம் சம்பாக் கதிர் முற்றி, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளிப்போம். நெல் போன பிறகு மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் அது எழும்பும். தண்ணீர் கட்டுவதில்லை, பெரிய செலவு கிடையாது. பங்குனியில் செடியைப் பிடுங்கி அடித்து மூட்டை கட்டுவோம். 1922 முதல் இயங்கும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமே நெல் தரிசுக்கு ஏற்ற உளுந்தாக ஆடுதுறை 3 ரகத்தைக் கொடுத்திருக்கிறது. நெல்லை அடுத்துப் பயறு என்பது இந்த மண்ணின் முறை. மண்ணுக்கு உரமும் அதுவே.

அந்தப் பயறு எங்கே போகிறது? களத்திலேயே வியாபாரி எடை போட்டுக்கொண்டு போகிறார். இட்லிக்குத் தேவையான உளுந்தை மட்டும் நிறுத்திக்கொள்கிறோம். பச்சைப்பயறு பொங்கலுக்கும் சுண்டலுக்கும் ஒரு படி இருந்தால் அதிகம். ரேஷனிலும் அதே கதை. அரிசி அட்டைக்கு 20 கிலோ வரை அரிசி இலவசம், துவரம் பருப்பு 30 ரூபாய்க்கு 1 கிலோ. அந்த ஒரு கிலோவை ஒரு மாதம் முழுக்க நாலு பேருக்குத் தண்ணீராகக் கரைத்து ஊற்றுகிறோம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 46 கிராம் புரதம் வேண்டும். ஒரு கிலோ பருப்பில் இருப்பது 220 கிராம்தான். நாலு பேருக்கு 30 நாள் என்று பிரித்துப் பாருங்கள். ஆளுக்கு 2 கிராம்கூட வராது.

நான் மாற்றிக்கொண்டதைச் சொல்கிறேன். போன வருஷம் பங்குனியில் ஒரு மூட்டைப் பச்சைப்பயறை விற்காமல் நிறுத்தினேன். வீட்டில் முணுமுணுப்பு இருந்தது. தினமும் ராத்திரி ஒரு கைப்பிடி, 50 கிராம் இருக்கும், ஊறப்போடுவேன். காலையில் வேகவைத்துக் கடுகு, மிளகாய், தேங்காய் ஒரு ஸ்பூன் போட்டுச் சுண்டல். அதில் 11, 12 கிராம் புரதம். இரண்டு முட்டைக்குச் சமம். அதோடு இரண்டு இட்லி. காலை பத்து மணிக்கு வந்துகொண்டிருந்த அந்தப் பசி இப்போது வருவதில்லை. பசி இல்லாததால் முறுக்கு டப்பாவை நோக்கிக் கை போவதில்லை.

மத்தியானத் தட்டில் முதலில் காயையும் கீரையையும் போட்டுக்கொள்வேன், பாதித் தட்டு. வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக் கீரை, பொன்னாங்கண்ணி, புடலை, கொல்லையில் கிடைப்பது எதுவானாலும் சரி. கால் தட்டில் கெட்டிப் பருப்பு, அல்லது மீன், அல்லது முட்டை. நாகப்பட்டினத்திலிருந்து வரும் மத்தி மீன் விலை மலிவு, புரதம் நிறைய. அது குழம்பில் கிடக்கட்டும், பொரிக்க வேண்டாம். மீதிக் கால் தட்டுக்குச் சோறு. தராசில் 150 கிராம். முதல் பத்து நாள் வயிறு கேட்டது, உண்மை. கையும் பழக்கத்தில் சட்டியை நோக்கிப் போனது. பிறகு பழகிவிட்டது. ராத்திரி இதைவிடக் கொஞ்சம் குறைவாக, ஏழரை மணிக்குள்.

டீயில் சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் நாலு டீக்கு 40 கிராம், 160 கலோரி. ஒரு வாரம் ஒன்றரை, அடுத்த வாரம் ஒன்று, பிறகு அரை என்று இறக்குங்கள். நாக்கு தானாக மாறும். எண்ணெயும் அப்படியே. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கு வைத்து, அந்த அளவை மட்டும் தனிப் பாட்டிலில் ஊற்றி வையுங்கள். அது தீர்ந்தால் மாதம் முடிகிறவரை வேறு பாட்டிலை எடுக்காதீர்கள்.

இன்னொரு பழக்கம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடலில் நேர்மை இருக்காது. வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காருகிறோம். அப்போது பருப்பு அடியில் கரைசலாக இருக்கும், மீன் துண்டு தீர்ந்திருக்கும், பொரியல் வழித்திருக்கும். சோறு மட்டும் நிறைய இருக்கும். குழந்தை வைத்துவிட்டுப் போன அரைத் தோசையும் நமக்குத்தான். "வீணாப் போவக் கூடாதே" என்று அதையும் வாயில் போட்டுக்கொள்கிறோம். உங்கள் பங்குப் பருப்பையும் காயையும் மீனையும் சமைத்த உடனே ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வையுங்கள். அதில் சுயநலம் ஒன்றும் இல்லை. மிச்சத்தை ராத்திரியே நீர் ஊற்றி வையுங்கள், மாட்டுக் கழுநீரில் போடுங்கள். உங்கள் வயிறு வீட்டின் மிச்சத்தைக் கொட்டும் இடம் இல்லை.

உடற்பயிற்சிக்கு வருகிறேன். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். பதினைந்து நாளில் தொப்பை கரையும் என்று சொன்ன ஒரு பவுடருக்கு 2,400 ரூபாய் கொடுத்தேன். வயிற்றுப் போக்குதான் வந்தது. வயிற்றில் கட்டும் பெல்ட் ஒன்றும் வாங்கினேன். வியர்த்தது, தோல் சிவந்தது, சுற்றளவு அப்படியே இருந்தது. மல்லாந்து படுத்து எழுந்து வயிற்றுக்கு மட்டும் தினம் ஐம்பது தடவை பயிற்சி செய்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது.

வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்பது நம் ஊரில் மட்டும் இருக்கும் நம்பிக்கை இல்லை. 2011-இல் அமெரிக்காவில் 24 பேரை வைத்துச் சோதித்தார்கள். வாரம் ஐந்து நாள், ஆறு வாரம், வயிற்றுக்கு மட்டும் ஏழு விதப் பயிற்சி. கடைசியில் வயிற்றுத் தசைக்கு வலு கூடியிருந்தது. வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை. உடம்பு கொழுப்பை எந்த இடத்திலிருந்து எடுக்கும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. மொத்தத்தில் குறைந்தால் வயிற்றிலும் குறையும்.

நடை மட்டும் போதுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அரை மணி நேரம் வேகமாக நடந்தால் 100 முதல் 130 கலோரி செலவாகும். அது ஒரு கரண்டிச் சோறு. நடந்துவிட்டு வந்து இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். ஆகவே சுற்றளவைக் குறைக்கும் பெரிய வேலையைத் தட்டுதான் செய்யும். ஆனாலும் நடையை விடாதீர்கள். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டது. சாப்பாட்டு மாற்றமும் தினசரி நடையும் சேர்ந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரை கொடுத்தவர்களுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய அவ்வளவுதான். அவர்கள் எடை பெரிதாகக் குறையவே இல்லை. தராசு முள் நகரவில்லை என்று மனம் விட்டுப்போகும் அக்காமார் இதை நினைவில் வையுங்கள்.

சாப்பிட்டதும் பத்து நிமிஷம், மூன்று வேளையும். அதுதான் மிகச் சுலபமான வழி. சோற்றால் ஏறும் சர்க்கரையைக் கால் தசை வாங்கிக்கொள்ளும். மொட்டை மாடி, வாய்க்கால் கரை, கோயில் பிரகாரம், எதுவானாலும் சரி. இருட்டிய பிறகு தனியாகப் போக வேண்டாம், மூன்று பேராகப் போங்கள். வாரத்தில் 150 நிமிஷம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு.

இதோடு வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை வேண்டும். நாற்பதுக்கு மேல் தசை தானாகக் கரையும், தசை கரைந்தால் சாப்பிட்டதைச் செலவழிக்கும் இடமும் குறையும். இதற்கு ஜிம் தேவையில்லை. ஆடாத ஒரு நாற்காலியைச் சுவரோடு போட்டு, கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுங்கள். பத்துப் பத்தாக மூன்று தடவை. முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்குத் தோப்புக்கரணம் போதும், பிள்ளையார் முன்னால் செய்வதை நிதானமாகக் கூடுதலாகச் செய்தால் ஆயிற்று. சுவரில் இரண்டு கையையும் ஊன்றிச் சாய்ந்து நிமிருங்கள். ஐந்து கிலோ அரிசிப் பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்து, முதுகை நேராக வைத்துத் தரையிலிருந்து எடுத்து இறக்குங்கள். எங்கள் குழுவில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் கும்மி அடிக்கிறோம். பாட்டு தெரிந்த பெரியம்மா ஒருவர் இருக்கிறார். குனிந்து நிமிர்ந்து, சுற்றி வந்து, கை தட்டி முடிக்கும்போது ரவிக்கை நனைந்துவிடும். யாரும் அதை உடற்பயிற்சி என்று சொல்வதில்லை. அதனாலேயே யாரும் நிறுத்தவும் இல்லை.

சில எச்சரிக்கைகளைக் கட்டாயம் கேளுங்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை கீழே இறங்கிப் படபடப்பு, மயக்கம் வரலாம். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரி பார்த்துக்கொள்ளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வரும் தன்னார்வலர் உங்கள் குழுவிலேயே இருப்பார், அவரிடமும் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயறைக் கூட்டும் முன் டாக்டரைக் கேளுங்கள். மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கும்போது தொப்புளை ஒட்டி நடுவில் மேடாக எழும்பினால், அது பிரசவத்தில் பிரிந்த தசையாக இருக்கலாம். அதற்குரிய பயிற்சி வேறு. வயிறு சில வாரங்களுக்குள் வேகமாகப் பெருத்தால், கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிட்டால், மாதவிடாய் நின்ற பிறகு உதிரம் பட்டால், அதைத் தொப்பை என்று நினைத்து நாள் கடத்தாதீர்கள். கர்ப்பப்பைக் கட்டியோ சினைப்பைக் கட்டியோ இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

என் கணக்கையும் வைத்துவிடுகிறேன். தொடங்கியபோது இடுப்புச் சுற்றளவு 96 செ.மீ. பத்து மாதம் கழித்து 88. எடை 68-இலிருந்து 61. நடுவில் ஒரு கல்யாண மாதத்தில் இரண்டு கிலோ ஏறியது, திரும்ப இறங்க ஆறு வாரம் ஆயிற்று. 80-க்கு இன்னும் தூரம் இருக்கிறது. மாதம் இரண்டு கிலோவுக்கு மேல் இறக்குவதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பட்டினி கிடந்து இறக்கியது அத்தனையும் தீபாவளிக்குள் திரும்பிவிடும்.

உங்களிடம் இரண்டு கேட்கிறேன். இந்தப் பங்குனியில் பயறு எடுக்கும்போது வீட்டுக்கு ஒரு மூட்டையை விற்காமல் நிறுத்துங்கள். நிலம் இல்லாதவர்கள் குழுப் பணத்தில் களத்து விலைக்கே மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள், கடையில் வாங்குவதைவிட மலிவாக முடியும்.

அடுத்த கூட்டத்துக்குத் தையல்காரரின் இஞ்ச் டேப் ஒன்று கொண்டு போங்கள். கதவைச் சாத்திக்கொண்டு, நின்று, மூச்சை வெளியே விட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் சுற்றி அளந்து, சேமிப்பு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொருத்தர் பெயருக்கு எதிரேயும் தேதி போட்டு எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அதே பக்கத்தைத் திருப்புங்கள்.

அன்புடன்,
அம்மாபேட்டைப் பக்கத்துக் குழுத் தோழி ஒருத்தி